பயாலஜிக் ஊசியும் ரத்தப் பரிசோதனையும்: வலி குறைந்ததும் நடக்கும் தவறுகள்

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை மட்டும் போதாதபோது, டாக்டர் பயாலஜிக் ஊசி பற்றிப் பேச்செடுப்பார். நோய் எதிர்ப்புச் சக்தியின் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தடுத்து மூட்டு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து இது. கேட்டவுடன் பலருக்கும் வரும் பயம், தனக்குத்தானே ஊசி குத்திக்கொள்வது எப்படி என்பதுதான். அதில் தப்பு நடந்தால் பெரும்பாலும் ஒரு டோஸ் வீணாகும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டிய தவறுகள் வேறு இரண்டு இடங்களில் நடக்கின்றன: முதல் ஊசிக்கு முன்பு, அப்புறம் வலி நன்றாகக் குறைந்து சில மாதங்கள் ஆன பிறகு.

முதலில், ஊசிக்கு முந்தைய பரிசோதனைகளைச் சடங்காக நினைப்பது. இவற்றில் முக்கியமானது டிபி பரிசோதனை. டிபி கிருமி பலரின் உடலில் எந்தத் தொந்தரவும் தராமல் பல ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருக்கும். அந்த வளையம் குலையாமல் இருக்க டிஎன்எஃப் என்ற புரதம் வேண்டும். அடாலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் தடுப்பது அதே டிஎன்எஃப்பைத்தான். மூட்டு வீக்கம் வடியும், கூடவே அந்த வளையமும் தளரலாம். “எனக்கு இருமலே இல்லையே, எதற்கு எக்ஸ்ரே?” என்று கேட்பதில் அர்த்தமில்லை, தூங்கும் டிபிக்கு இருமல் இருக்காது. மாண்டூ சோதனையோ இக்ரா ரத்தப் பரிசோதனையோ பாசிட்டிவ் என்று வந்தால், தடுப்பு மருந்தைத் தொடங்கி, வழக்கமாக ஒரு மாதமாவது கழித்துத்தான் பயாலஜிக் ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு மாதம் வலியோடு காத்திருப்பது கொடுமைதான். ஆனாலும் அதைச் சுருக்கச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சோதனைகள் தவறாக நெகட்டிவ் காட்டக்கூடும். அதனால் வீட்டில் யாருக்காவது எப்போதாவது டிபி இருந்ததா என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் அப்படித்தான். பழைய தொற்று ஒன்று ஆறிப்போய், மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) நெகட்டிவாக இருக்கலாம். கோர் ஆன்டிபாடி, அதாவது வைரஸின் உட்பகுதிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதம், பார்த்தால்தான் அந்தத் தொற்று தெரியவரும். குறிப்பாக ரிட்டுக்சிமாப் என்ற இன்னொரு பயாலஜிக் போடும்போது அந்தப் பழைய வைரஸ் மறுபடி தலைதூக்கும் ஆபத்து அதிகம்.

தடுப்பூசிகளையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் பயாலஜிக் தொடங்கிய பிறகு போடக் கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளுக்கு அந்தத் தடை இல்லை. “எதிர்ப்புச் சக்தி குறைவு, எனவே எந்தத் தடுப்பூசியும் வேண்டாம்” என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுபவர்கள்தான் அதிகம். அது தலைகீழான கணக்கு.

ஊசியைப் பொறுத்தவரை, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டியோ ஃப்ரீசருக்குப் பக்கத்திலோ வைத்து உறைந்துவிட்டால், பனி உருகினாலும் அது பயன்படாது. போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த மருந்து அதிகம் எரியும். வெந்நீரில் போட்டுச் சூடாக்காதீர்கள். பேனா வகை ஊசியில் அடிக்கடி நடக்கும் தவறு அவசரம். ‘கிளிக்’ என்று சத்தம் கேட்டதுமே கையை எடுத்துவிடுகிறார்கள். பல பேனாக்களில் முதல் கிளிக் மருந்து இறங்கத் தொடங்கியதற்கான அறிகுறிதான். பக்கத்திலுள்ள சின்ன ஜன்னலில் நிறம் முழுதாக நிரம்பி நிற்கும் வரை தோலோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எடுத்த பிறகு தோலில் மருந்து ஓடை போல வழிந்தால், முழு டோஸ் போகவில்லை. அதற்காக உடனே இன்னொரு பேனாவைக் குத்திக்கொள்ளாமல் டாக்டரிடம் கேளுங்கள். தொடை, வயிறு என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். வயிற்றில் தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும். குத்திய இடம் சிவந்து அரிப்பது ஆரம்ப வாரங்களில் சாதாரணம். முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது சாதாரணமல்ல. உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சரி, இனி வலி குறைந்த பிறகு நடப்பவை. அடாலிமுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டனர்செப்ட் வாரம் ஒருமுறை. நன்றாக இருக்கிறதே என்று இந்த இடைவெளியைத் தாமாகவே நீட்டுகிறார்கள். விட்டு விட்டுப் போடும்போது உடல் அந்த மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கலாம். அப்புறம் அதே ஊசி வேலை செய்யாமல் போகும். கூட எழுதிக்கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட்டை “ஊசிதான் போடுகிறோமே” என்று நிறுத்துவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும், ஏனென்றால் அந்த ஆன்டிபாடியை அடக்கி வைப்பதில் அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும்: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. அதைத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை அட்டையில் பேனாவால் எழுதிவையுங்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதில் காட்டும் அலட்சியம்தான். வெள்ளை அணுக்கள் குறைவதும், கல்லீரல் நொதி ஏறுவதும் நமக்கு உணர்வாகத் தெரியாது. தெரியும் நேரத்தில் விஷயம் முற்றியிருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் சேர்ந்திருந்தால் முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது பரவலான வழக்கம். டோசிலிசுமாப் என்ற பயாலஜிக் என்றால் கொலஸ்ட்ராலும் பட்டியலில் சேரும். உங்களுக்கு எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு தவறு உண்டு. அளவு எல்லை தாண்டினால் லேப் போடும் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள். உதாரணமாக, வெள்ளை அணுக்கள் ஒரு முறை 7,200, அடுத்து 5,600, அதற்கடுத்து 4,300 என்று வைத்துக்கொள்வோம். கீழ் எல்லை 4,000 என்றால் மூன்றிலும் குறி விழாது. ஆனால் இறங்குமுகம் பளிச்சென்று தெரிகிறது. ஒரே தாளில் தேதிவாரியாக எழுதி வந்தால்தான் இது கண்ணில் படும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரத்தம் கொடுத்தால் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி தற்காலிகமாக ஏறிக் காட்டலாம். அடுத்த டோஸுக்கு ஓரிரு நாள் முன்பு கொடுப்பது நல்லது. அப்படியும் கூடுதலாக வந்தால் நீங்களாகவே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவியுங்கள். ரிப்போர்ட் ஃபைலில் இருப்பது வேறு, டாக்டர் பார்த்திருப்பது வேறு.

டோசிலிசுமாப் போடுபவர்கள், உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. கல்லீரலை சிஆர்பி உண்டாக்கச் சொல்வது ஐஎல்-6 என்ற புரதம்; இந்த மருந்து அதைத்தான் தடுக்கிறது. நிமோனியா இருக்கும்போதுகூட சிஆர்பி சாதுவாக இருக்கலாம், காய்ச்சலும் மட்டுப்படலாம். உடம்பு சரியில்லை என்று தோன்றினால், எண் என்ன சொன்னாலும் காட்டிவிடுங்கள்.

மற்ற ஊசிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காய்ச்சல் இருக்கும்போதோ, தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போதோ, நாள் வந்துவிட்டது என்று ஊசியைக் குத்திக்கொள்ளாதீர்கள். டாக்டரைக் கேட்டுத் தள்ளிப்போடுங்கள். அக்கி போல ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பினால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. மூட்டு மாற்று போன்ற அறுவைச் சிகிச்சைக்கு முன் எந்த டோஸை விடுவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதனால் அறுவைத் தேதியை முடிவு செய்யும்போதே ருமட்டாலஜிஸ்ட்டிடம் (முடக்குவாத நிபுணர்) சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்த ஊசி போடுவதை முதலிலேயே சொல்ல வேண்டும். மாத்திரைப் பட்டியலைக் கேட்டால் பலருக்கும் ஊசி நினைவுக்கே வருவதில்லை.