அலைக்கு விளக்குப் போடும் முன்

குமரி மாவட்டத்தில் சென்சார், எல்இடி, புரொஜெக்டர் வைத்துக் கலைப்படைப்பு செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் போய் விழுகிற குழிகளில் பாதி, எங்கள் செட்டு ஆட்கள் ஏற்கெனவே விழுந்து எழுந்தவை. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, புரோகிராமைக் காப்பி எடுத்து வைக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு போர்டு கருகினால் அதெல்லாம் தானாகப் புரியும்.

உப்புக்காற்றைக் கணக்கில் எடுக்காதது

நாகர்கோவில் மொட்டைமாடியில் ஓடியது குளச்சல் கடற்கரையில் ஓடும் என்று நினைக்காதீர்கள். டப்பாவில் ஐபி65 என்று போட்டிருந்தால் தூசியும் பீச்சியடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது, அவ்வளவுதான். வெளியே நிற்கும் திருகைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. சும்மா செருகிவிட்ட ஜம்பர் வயரைக் கொஞ்ச நாள் கழித்து உருவிப் பாருங்கள், செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். சாலிடர் வைத்து மூடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கப் போனால் 304 ரகம் போதும் என்று கடைக்காரர் சொல்வார். உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும்.

விஞ்ஞானியைக் கடைசியில் போய்ப் பார்ப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எத்தனை பேரிடம் சொல்லியும் தீராத எரிச்சல் இது.

முட்டம் பக்கத்துத் தம்பி ஒருவர், காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறும் கள்ளக்கடலைப் பற்றி ஒரு படைப்பு செய்யக் கிளம்பினார். அருமையான விஷயம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஓர் இரும்புத் தூண், அதைச் சுற்றி எல்இடி வளையங்கள், அலை எத்தனை மீட்டரோ அத்தனை உயரத்துக்கு வெளிச்சம் ஏறும். வரைந்தார், வெல்டிங் முடித்தார், பெயின்ட் அடித்தார், கையிலிருந்த நிதியில் பெரும்பகுதியும் காலி. அதற்கப்புறம்தான் கடலியல் படித்த பேராசிரியர் ஒருவரிடம் போய், "சார், டேட்டா மட்டும் குடுத்தாப் போதும்" என்று நின்றார்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இதுல பீரியட் எங்க தம்பி?"

பீரியட் என்றால் ஓர் அலைமுகடு வந்து அடுத்த முகடு வரும் வரையுள்ள நேரம். கள்ளக்கடலின் குணமே அதில்தான் இருக்கிறது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, தென்பெருங்கடல் புயலில் பிறந்த அலை, நாள்கணக்கில் பயணித்து இங்கே வருகிறது. நம் கரையில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. உயரமும் பயமுறுத்தும்படி இருக்காது. ஆனால் பீரியட் 15 விநாடிக்கு மேல் போகலாம். ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர், 16 விநாடி அலைக்குச் சுமார் 400 மீட்டர். ஒரே உயரமானாலும் நீண்ட அலை கரைக்குச் சுமந்து வரும் ஆற்றல் இரு மடங்கு. அதனால்தான் அது நின்று நிதானமாக ஏறி, வீட்டு வாசல்வரை வந்து, திரும்பும்போது காலை வாருகிறது.

இனி அந்தத் தூணை நினைத்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் கடல் சாதாரணமாகக் கொந்தளிக்கும்போது உச்சிவரை எரியும். கள்ளக்கடல் வரும் நாளில் பாதிகூட எரியாது. சுற்றுலாக்காரர் அதைப் பார்த்து, கடல் அமைதியாக இருக்கிறது என்று இறங்கிவிட்டால்? போதாததற்கு, அறிவிப்பில் வரும் "அலை உயரம்" என்பது ஒவ்வோர் அலையின் உயரமும் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. அதைவிடப் பெரிய அலை வரத்தான் செய்யும்.

தூணுக்கு மேலும் கீழும்தான் தெரியும். நேரத்தைக் காட்ட அதில் வழியே இல்லை. கடைசியில் இரும்பு எடைக்குப் போனது. வடிவம் வரைவதற்கு முந்தின வாரம் ஒரு டீ குடிக்கப் போயிருந்தால் இந்தச் செலவே கிடையாது. இதே கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவரிடம், "அலை ஒசந்தா கண்ணுக்குத் தெரியும் மக்கா, இது இழுக்கப்பதான் தெரியும்" என்று சொல்லியும் இருக்கிறார். தம்பி அதைப் பேட்டியாக ரெக்கார்ட் செய்துகொண்டார், தூணை மாற்றவில்லை!

1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கைப் பனிமூட்டத்தால் மூடிய ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயாவைப் பாருங்கள். ரசாயனப் புகை வேண்டாம், மனிதர்கள் உள்ளே நடந்து போகிற வெறும் தண்ணீர்ப் பனிதான் வேண்டும் என்ற பிடிவாதத்தோடு அவர் தாமஸ் மீ என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து வேலை செய்தார். நுண்துளை நாசிலில் உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தும் முறை அப்படித்தான் உருவானது. மீ பின்னாளில் அதையே தொழிலாகவும் நடத்தினார். டேட்டா மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

முதல் சந்திப்புக்குப் படம் கொண்டு போகாதீர்கள். "நீங்க கண்ணால பாக்கணும்னு நினைச்சும் பாக்க முடியாதது எது சார்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

கருமணலை அள்ளுவது

மணவாளக்குறிச்சி மணல் பளபளப்பாக இருக்கிறது என்று சாக்கில் கட்டிக் கேலரிக்குக் கொண்டு போகாதீர்கள். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் உண்டு. அணுசக்திச் சட்டத்துக்குள் வரும் பொருள்.

வைஃபை இருக்கும் என்று நம்புவது

இருக்காது.

பெயர் போடாமல் விடுவது

1966 அக்டோபரில் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் பெல் ஆய்வகப் பொறியாளர்கள் முப்பது பேர் அளவிலும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் கலைஞர் ராஷன்பர்க்கை நினைப்பவர்கள் பொறியாளர் பில்லி க்ளூவரையும் சேர்த்தே நினைக்கிறார்கள். உங்கள் படைப்பின் பெயர்ப்பலகையில் வெல்டிங் செய்தவர் பெயர்கூட இல்லையே, ஏன்?

திறப்பு விழாவோடு கணக்கை முடிப்பது

மூன்றாம் மாதம் பவர் சப்ளை போகும். ஏணி யார் வீட்டில் இருக்கிறது, டப்பாவின் சாவி யாரிடம், மாற்றுப் பொருளுக்குப் பணம் யார் தருவது என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு ரிப்பன் வெட்டச் சொல்லுங்கள்.