தனியாகக் கிளம்பும் பேண்ட் பாடகர்கள் கவர் பாடல்களில் செய்யும் தவறுகள்

ராக் பேண்டில் சில வருடம் பாடியவர்கள் தனிப்பெயரில் இறங்கும்போது முதலில் கையில் எடுப்பது கவர் பாடல்களைத்தான், அதாவது பிறர் ஏற்கனவே பாடி வெளியிட்ட பாடல்களை. நல்ல வழிதான் அது. வான் ஹேலன் பேண்டின் பாடகர் டேவிட் லீ ராத் 1985 தொடக்கத்தில் வெளியிட்ட முதல் தனித்தட்டில் இருந்தது நாலே பாட்டு, நாலும் மற்றவர்களுடையவை. அதில் பீச் பாய்ஸின் 'கலிஃபோர்னியா கேர்ள்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. 1965இல் ஒரிஜினலும் அதே மூன்றாம் இடம்தான் போயிருந்தது. ராக்ஸி மியூசிக்கின் பிரையன் ஃபெர்ரி 1973இல் தன் முதல் தனி ஆல்பம் முழுவதையும் பழைய பாடல்களால் நிரப்பினார். ஆக, கவரில் தொடங்கினால் மதிப்புக் குறையும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சென்னையில் இப்படிக் கிளம்பி வரும் பாடகர்களுக்கு அரேஞ்ச்மென்ட் செய்து குரலைப் பதிவு செய்வது என் வேலை. நாங்கள் பேண்டில் இருந்த காலத்தில் செய்த அதே தவறுகளை இன்றைய பிள்ளைகளும் அதே வரிசையில் செய்கிறார்கள். ஐஸ் தண்ணீர் குடிக்காதே, தொண்டையைப் பார்த்துக்கொள், மைக்கை வாய்க்குள் திணிக்காதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். வேறு சிலவற்றை யாரும் சொல்வதில்லை, அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டை எடுப்பது

தமிழ் ரசிகருக்குப் பாட்டு மட்டும் மனப்பாடம் இல்லை. இரண்டாவது இன்டர்லூடில் புல்லாங்குழல் எங்கே நுழையும் என்பதும் மனப்பாடம். அந்தப் புல்லாங்குழல் இல்லாவிட்டால் உங்கள் குரலை விட்டுவிட்டு அதைத்தான் தேடுவார். அதை அப்படியே வாசித்துவிட்டாலோ, ஒரிஜினலையே கேட்டுக்கொள்ளலாமே என்று போய்விடுவார்.

கியூ டிப்ஸ் பேண்டில் பாடிக்கொண்டிருந்த பால் யங் தனியாக வந்ததும் எடுத்த பாட்டைப் பாருங்கள். மார்வின் கே 1962இல் பாடி, 1969இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் வந்து, பெரும்பாலோர் கவனிக்காமல் விட்ட 'வேர்எவர் ஐ லே மை ஹேட்'. அதன் வேகத்தைக் குறைத்து, முன்னால் பினோ பல்லடினோவின் ஃப்ரெட்லெஸ் பேஸை (கழுத்தில் கட்டுகள் இல்லாத பேஸ் கிட்டார்) வைத்தார். குரல் வருவதற்கு முன்பே அந்த பேஸ் ஒரு மனநிலையைப் போட்டுவிடும். 1983இல் பிரிட்டனில் முதலிடம். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதைப் பால் யங்கின் பாட்டாகவே அறிந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. பெரிய ஆல்பங்களின் நடுவில் கிடக்கும் பாட்டு, ஓடாத படத்தில் வந்த நல்ல பாட்டு, பின்பக்கப் பாட்டு: தேட வேண்டியது அங்கே.

ஒரிஜினல் சுருதியிலேயே டிராக் போட்டுவிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இது. கையில் உள்ள காசையெல்லாம் தின்பதும் இதுதான்.

பேண்டில் சுருதியை முடிவு செய்வது பாடகர் அல்ல, கிட்டார். அதன் தடித்த கம்பியை விரல் வைக்காமல் அடித்தால் வருவது இ என்ற ஸ்வரம், நம் சுருதிக் கணக்கில் (சி என்பது ஒரு கட்டை) மூன்று கட்டை. அடுத்த கம்பி ஏ, ஆறு கட்டை. ராக் ரிஃப்பின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கின், கனமே விரல் வைக்காத கம்பியின் முழக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் கிட்டாரிஸ்டுக்கு மூன்றும் ஆறும் வசதி. பாட்டும் அங்கேயே உட்கார்ந்துவிடும். பாடுகிறவருக்கு அது வசதியா என்று ரிகர்சலில் யாரும் கேட்பதில்லை. டிரம்ஸையும் ஆம்ப்பையும் மீறிக் குரல் கேட்க வேண்டுமென்றால் மேல் ஸ்தாயியில் தள்ளித்தான் பாட வேண்டும், அவரும் தள்ளுவார். நாலைந்து வருடம் இப்படிப் போன பிறகு, தன் குரல் எந்தச் சுருதியில் நிறைவாக ஒலிக்கும் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கும். தனியாக வரும்போதுதான் அந்த முடிவு முதன்முறையாக அவர் கைக்கு வருகிறது. அதை அவர் எடுத்துப் பார்க்காமலேயே ஒரிஜினல் பாடகர் எதில் பாடினாரோ அதிலேயே டிராக், அதாவது பின்னணி இசைப் பதிவு, போடச் சொல்லிவிடுகிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். கல்லூரி விழாப் போட்டிகளில் பேர் வாங்கிய பேண்டின் பாடகன். ஐந்து பாட்டுக்கு டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், ஒரு பாட்டுக்கு வயலின் எல்லாம் வேறொரு ஸ்டுடியோவில் வாசித்து முடித்து ஹார்ட் டிஸ்கோடு வந்து நின்றான். "அண்ணா, எல்லாம் ஒரிஜினல் ஸ்கேல்ல பக்காவா இருக்கு. நான் பாடிட்டா முடிஞ்சுது" என்றான்.

முதல் பாட்டு மூன்று கட்டை. பல்லவி அழகாக வந்தது. சரணத்தில் மேல் ஸட்ஜத்தைத் தாண்டிக் காந்தாரத்தில் நிற்கும் ஒரு இடம். அங்கே போனதும் தாடை இறுகியது, கழுத்து நரம்பு எழும்பியது, சொல்லின் கடைசி எழுத்து காணாமல் போனது. மறுபடி, மறுபடி. "மேடையில இதுக்கு மேலயே போவேன்ணா." போவான், பொய் இல்லை. மேடையில் அந்த இடத்தில் டிரம்ஸும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து தாங்கிக்கொள்ளும். ஹெட்போனில், ஒரு அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பக்கத்தில், அது வெறும் கத்தலாகத்தான் விழுந்தது.

டிராக்கை நிறுத்திவிட்டு நானே கிட்டாரை எடுத்து இரண்டு கட்டையில் பிடித்தேன், பாடச் சொன்னேன். அதே வரி, அதே பையன். இந்த முறை சொல் முழுசாக வந்தது, சொல்லின் துக்கமும் வந்தது. பதிவை அவன் இரண்டு தடவை போட்டுக் கேட்டான். "டிராக்கை அப்படியே இதுக்கு இறக்கிட முடியாதாண்ணா?"

மென்பொருளில் இறக்கலாம்தான். அரைக் கட்டை வரை காது பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் அக்கூஸ்டிக் கிட்டாரில் விரல் படும் ஓசை ரப்பரை இழுத்தது மாதிரி ஆகிவிடும், வயலினில் வில் உரசும் உயிர் போய்விடும். பேஸும் இரண்டு கிட்டாரும் வயலினும் மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. டிரம்ஸ் மட்டும் தப்பித்தது. ஐந்தில் இரண்டு பாட்டுக்குத்தான் அவனிடம் பணம் மிஞ்சியது. மற்ற மூன்றும் அந்த ஹார்ட் டிஸ்கில்தான் கிடக்கின்றன. அந்த ஸ்டுடியோவில் வாசித்தவர்களுக்கெல்லாம் சம்பளம் போய்ச் சேர்ந்தது. "தம்பி, ஒரு தடவை முழுசாப் பாடிக் காட்டு" என்று ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைத் தவிர்க்கச் செலவு எதுவும் இல்லை, ஒரு மாலைப் பொழுது போதும். பாட்டின் ஆகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் ஆக உயர்ந்த ஸ்வரத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், பாட்டு அதிக நேரம் தங்கும் இடம். உச்சத்தை ஒரு தடவை எட்டித் தொட்டுவிட்டு வந்துவிடலாம். தங்கும் இடமே குரல் மாறும் எல்லையில் விழுந்தால் பாட்டு முழுக்கப் போராட்டம்தான். பெரும்பாலான ஆண் குரல்களுக்கு அந்த எல்லை கீபோர்டின் நடு சிக்கு மேலே டியிலிருந்து எஃப் ஷார்ப்புக்குள் எங்கேயாவது இருக்கும்.

போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடி, ஒரே ஒரு கிட்டாரோடு முழுப் பாட்டையும் பாடுங்கள். அரை அரைக் கட்டையாக இறக்கியும் பாடுங்கள், ஏற்றியும் பாடுங்கள். பல்லவியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், காட்டிக்கொடுப்பது சரணம்தான். உடனே கேட்க வேண்டாம். மறுநாள் காலையில் கேளுங்கள். எந்தச் சுருதியில் சொற்கள் கடைசி எழுத்து வரை விழுகின்றனவோ அதுதான் உங்கள் சுருதி. பெண் பாடிய பாட்டை ஆண் எடுத்தால் இடைவெளி பெரிதாக இருக்கும். ஐந்து கட்டைப் பாட்டு ஒரு கட்டைக்கு வர நேரலாம். பயப்பட வேண்டாம், புதிய சுருதியில் பாட்டுக்குப் புதிய முகமே கிடைக்கும்.

கிட்டாரிஸ்ட் நிச்சயம் தடுப்பார்: "ரிஃப் போயிடும்டா." அவர் கவலை நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. ஆறு கம்பியையும் அரைக் கட்டை தளர்த்திக்கொள்ளலாம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், கன்ஸ் அண்ட் ரோஸஸ், ராத் காலத்து வான் ஹேலன் எல்லோருமே பெரும்பாலும் அப்படித் தளர்த்தித்தான் வாசித்தார்கள். ஏற்ற வேண்டுமென்றால் கிட்டாரின் கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி, கேப்போ, இருக்கிறது. விரல் போகும் இடம் மாறாது, முழக்கமும் போகாது.

இணையத்தில் கிடைக்கும் கரோக்கி டிராக்

தொடாதீர்கள். அதுவும் ஒருவருக்குச் சொந்தமான பதிவு.

அனுமதியைக் கடைசியில் யோசிப்பது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தோடு வந்த 31சி பிரிவு கவர் பதிவுகளுக்கென்றே இருக்கிறது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து, ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கும் ஒரு படைப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளிலிருந்து தொடங்குகிறது. அட்டையில் இது கவர் என்று எழுத வேண்டும், பழைய பாடகரின் பெயரோ படமோ போடக் கூடாது. பலரும் கவனிக்காமல் விடுவது இன்னொன்று: தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்ற அந்தப் பிரிவு இடம் தருவதில்லை. நாமோ மாற்றிப் பாடுவதற்காகத்தான் கவரே எடுக்கிறோம்.

அதனால் சிறிய பாடகருக்கு நடைமுறையில் நல்லது, இசை உரிமையும் வரிகளின் உரிமையும் யாரிடம் இருக்கின்றன என்று விசாரித்து நேரடியாக எழுதிக் கேட்பது. பழைய படப் பாடல்களில் இரண்டும் லேபிளிடம் இருக்கலாம், இசையமைப்பாளரிடம் இருக்கலாம், வழக்கில்கூட இருக்கலாம். வீடியோவாகப் போடப் போகிறீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், காட்சியோடு சேர்ப்பதற்கு அனுமதி தனி. கேட்காமல் யூடியூபில் ஏற்றினால், அங்கே 2007 முதல் இருக்கும் கன்டென்ட் ஐடி என்ற உரிமைச் சோதனை மென்பொருள் உங்கள் மெட்டையும் அடையாளம் கண்டுவிடக்கூடும். அப்புறம் வீடியோவை முடக்குவதா, விளம்பரக் காசை எடுத்துக்கொள்வதா என்பது உரிமையாளர் விருப்பம்.

நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் 2017ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கே, தன் பாடல்களை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அந்தப் பாடல்களில் எத்தனையோ எஸ்.பி.பி. குரலிலேயே வெளிவந்தவை.

வரிகளில் 'அவனை' 'அவள்' ஆக்குவது

வேண்டாம். லெஸ்லி கோர் பாடிய 'இட்ஸ் மை பார்ட்டி'யை 1973இல் ஃபெர்ரி பாடியபோது, அந்தப் பெண்ணைக் கலங்கவைத்த ஜானியை ஜானியாகவே விட்டார்.

பேண்டுக்குத் தெரியாமல் வெளியிடுவது

ராத்தின் தனித்தட்டு வந்த சில மாதங்களுக்குள் அவர் வான் ஹேலனில் இல்லை. ஃபெர்ரியின் தனி ஆல்பம் வந்தது 1973 அக்டோபரில். அடுத்த மாதமே ராக்ஸி மியூசிக்கின் புதிய ஆல்பமும் வந்தது. அவருடைய தனி ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவரே ராக்ஸியின் பால் தாம்சன்தான். உடைந்ததற்கும் உடையாததற்கும் உள்ளே ஆயிரம் காரணம் இருக்கும், வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பதிவு தொடங்கும் முன் நால்வரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். போஸ்டரில் பேண்ட் பெயரைப் போடலாமா, சேர்ந்து எழுதிய பாட்டை நீங்கள் தனியாகப் பாடலாமா, பேண்டின் பக்கத்தில் உங்கள் வீடியோவைப் பகிரலாமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நண்பர்களுக்குள் தாளா என்று கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் இருக்கிறார்கள்.

கையில் சொந்தப் பாட்டு இல்லாமல் அடுத்த கவருக்குப் போவது

ராத் கவர்களோடு நின்றுவிடவில்லை. 1986இல் ஸ்டீவ் வையையும் பில்லி ஷீஹனையும் சேர்த்துக்கொண்டு புது பேண்டோடு முழு ஆல்பம் போட்டபோது அதில் பெரும்பகுதி புதுப் பாடல்கள். நம் ஊரில் நிலைமை வேறு. முதல் கவருக்கு நல்ல பேர் கிடைத்ததும் "அடுத்து இதைப் பாடுங்க, அதைப் பாடுங்க" என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியலுக்குப் பாடிப் பாடியே வருடங்கள் போன நல்ல குரல்களை எனக்குத் தெரியும். கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை, கொடுப்பதற்கு வேறு எதுவும் அவர்களிடம் இல்லை.

இரண்டாவது கவரின் மிக்ஸிங் நடக்கும்போதே சொந்தப் பாட்டை எழுத உட்காருங்கள். கவர்களுக்காகக் கண்டுபிடித்தீர்களே, அதே சுருதியில் தம்புரா ஆப்பைப் போட்டுக்கொண்டு மெட்டைத் தேடுங்கள். கிட்டாரிஸ்டை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும்.