பத்துப் பிள்ளைகள்தான் என்பதற்காகச் சேர்த்துவிடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குப் பள்ளி தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரே காரணம் சொல்லித்தான் தனியார் பள்ளிப் பக்கம் போகிறார்கள்: "சின்னப் பள்ளிங்க, பத்துப் பிள்ளைங்கதான், நல்லா பார்த்துக்குவாங்க." முதலாம் ஆண்டில் பிள்ளை இடத்தில் உட்காராமல் ஓடியது, ஆசிரியர் அடிக்கடி கூப்பிட்டுப் பேசியது, சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னது என்று நொந்துபோய் வருபவர்களுக்கு அந்தப் பத்து என்ற எண்ணே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் முன்பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் பத்து விதமான தேவை இருக்கலாம். ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழு பிள்ளைகள், ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். உதவியாளர் ஒரு சிறுமியைக் கழிவறைக்கு அழைத்துப் போனதும் ஆசிரியை தனியாளாகிவிட்டார். சன்னலோரம் இருந்த பையன் யானைப் படத் துண்டுகளை ஒன்றுசேர்த்து முடித்தான், கலைத்தான், மறுபடி சேர்த்தான். சத்தமே இல்லை. அவன் கை போன வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அந்த யானை அவனுக்கு எப்போதோ அத்துபடி. அன்று மாலை அவன் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் "இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்தான்" என்று செய்தி போயிருக்கும். தொந்தரவு செய்யாமல் இருந்தான் என்பதுதான் அதற்குப் பொருள். அவன் எதையும் புதிதாகக் கற்கவில்லை.

அதனால் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். காலை பத்தரை மணிக்கு என் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பான், அவன் பக்கத்தில் யார் இருப்பார் என்று கேளுங்கள். உதவியாளர் லீவு போட்டால் யார் வருவார்? அவன் அழுது புரண்டால் முதலில் என்ன செய்வீர்கள்? ஈரமாக்கிவிட்டால் யார் மாற்றிவிடுவார், எங்கே வைத்து? நல்ல பள்ளி இதற்கெல்லாம் சட்டென்று பதில் சொல்லும், ஏனென்றால் அங்கே இவை அன்றாடம் நடப்பவை. "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்பது பதில் இல்லை. திறந்தநாள் விழாவுக்குப் போய்ப் பலூனையும் சுவர்ப் படங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்வதும் தவறுதான். சாதாரண ஒரு வேலைநாளில், ஒரு மணி நேரமாவது வகுப்பின் ஓரத்தில் உட்கார அனுமதி கேளுங்கள்.

அரசுப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம் எழுதுவார்கள். ஆர்.பி.ஐ. என்று சொல்வது அதைத்தான். தனியார் பள்ளியிலும் அப்படி ஒன்று உண்டா என்று கேட்டு, வேறொரு பிள்ளையின் பெயரை மறைத்து மாதிரி காட்டச் சொல்லுங்கள். "தன்னம்பிக்கை வளரும்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. "ஜூன் மாதத்துக்குள் தானே பட்டன் போடுவான்", "இரண்டு சொல் சேர்த்துக் கேட்பான்" என்று எழுதியிருந்தால் அங்கே யோசிக்கிற ஆள் இருக்கிறார்.

பலர் தவறவிடுவது பதிவு. போர்டில் 'அகாடமி', 'சென்டர்' என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். தனியார் பள்ளி என்றால் 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்கீழ் கல்வி அமைச்சில் பதிவு இருக்க வேண்டும். பராமரிப்பு மையம் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகாவில் பதிவு பெறுவது. இரண்டும் வேறு வேறு. பராமரிப்பு மையமாகப் பதிந்த இடம் அன்பாகவும் சுத்தமாகவும் இருக்கலாம், சில பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் பள்ளி என்று நம்பிப் பள்ளிக் கட்டணம் கட்டுவது வேறு விஷயம். சான்றிதழைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். விளம்பரத் தாளில் 'தெரபி' என்று போட்டிருந்தாலும் இதே கதைதான். ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்றவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே 2016இல் வந்துவிட்டது. வருகிறவரின் பெயரையும் பதிவு எண்ணையும், வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் பிள்ளையோடு இருப்பார் என்பதையும் கேளுங்கள். "ஆறே மாதத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்திவிடுவோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சியால் பிள்ளை நிறையக் கற்றுக்கொள்வான். ஆட்டிசம் குணமாகும் காய்ச்சல் இல்லை.

மொழி விஷயத்தில் நம்மவர்கள் செய்கிற தவறு எனக்கு அதிக வருத்தம் தருவது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், வேன்காரரிடம் மலாய். பேச்சு வராத பிள்ளைக்கு மூன்று மொழி பாரம் என்று நினைத்து முதலில் கழற்றி விடுவது தமிழை. "வீட்டிலும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று சில பள்ளிகளே அறிவுரை சொல்கின்றன. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு இன்னும் தள்ளிப்போகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க அவனைப் பார்ப்பது பாட்டி. பாட்டிக்குத் தெரிந்தது தமிழ். அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்? பள்ளி ஆங்கிலத்தில் நடக்கட்டும், சரி. ஆனால் அவன் "அம்மாச்சி, ஒண்ணுக்கு" என்றால் புரிந்துகொள்ள அங்கே ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அவன் சொல்லும் பத்துப் பதினைந்து சொற்களைப் பொருளோடு எழுதிக் கொடுங்கள். அதை வாங்கி வகுப்புச் சுவரில் ஒட்டுகிறார்களா, மேசை இழுப்பறையில் போடுகிறார்களா என்பதிலேயே அந்தப் பள்ளி தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளியை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுக்குவதும் நடக்கிறது. தேசியப் பள்ளிகளில் மட்டுமில்லை, சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்புகள் உண்டு. சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இலிருந்து நடப்பில் இருக்கிறது. தனியாரில் சேர்ப்பதாக முடிவெடுத்திருந்தாலும் மாவட்டக் கல்வி இலாகாவில் விசாரித்து விண்ணப்பித்து வையுங்கள். சமூக நல இலாகா தரும் ஓகேயு கார்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டையை, எடுக்கத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். "பேர் போட்டுட்டா நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பா?" ஏழு வயதுப் பிள்ளையின் கல்யாணத்தை நினைத்து இன்றைய உதவியைத் தள்ளிவிட வேண்டாம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா எல்லாம் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் பதிவாகின்றன. அரசுப் பள்ளியின் சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. தனியாருக்கு மாற்றும் முன் அது தொடருமா என்று கேட்டு, குடும்பக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இலிருந்து நாட்டில் இயங்குகின்றன. பள்ளி வயது வராத பிள்ளைக்கு முதலில் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.

மருத்துவ அறிக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் கொடுப்பது, "பேச்சுதான் கொஞ்சம் லேட்டு" என்று சொல்லிச் சேர்ப்பது, வலிப்பு வருவதை மறைப்பது என்று பெற்றோர் செய்வதும் உண்டு. இடம் கிடைக்காதோ என்ற பயம் புரிகிறது. ஆனால் வலிப்பு வரும் என்று தெரியாத ஆசிரியரிடம் பிள்ளையை விடுவது ஆபத்து. முழு உண்மையைக் கேட்டதும் பின்வாங்கும் பள்ளி, சேர்த்த மூன்றாம் மாதத்திலும் பின்வாங்கும்.

அப்புறம் பயணம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தோட்டத்துக்குள் புகுந்து மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற வேன் அந்தத் தூரத்துக்கு எடுக்கும் நேரமே வேறு. ஹாரன் சத்தம் தாங்காத பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதே களைத்துப்போயிருப்பான். வேனில் டிரைவரைத் தவிர இன்னொரு பெரியவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் அதே நேரத்தில் அதே வழியில் நீங்களே அவனோடு போய்வாருங்கள்.

கட்டணத்தில் தெரபி சேர்த்தியா, தனி உதவியாளர் வேண்டுமென்றால் சம்பளம் யார் தலையில், பாதியில் நிறுத்தினால் முன்பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்தப் பள்ளியில் வகுப்பு உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பல சிறிய பள்ளிகளில் இருக்காது. அதனால் ஆண்டுதோறும் ஆர்.பி.ஐ., தெரபிஸ்ட் அறிக்கை, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகலை வாங்கி வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்து எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள்.