பழைய மானிட்டரை எடைக்குப் போடுவதற்கு முன்

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி, அப்பாவின் பழைய 17 அங்குல மானிட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான். "அண்ணே, புது மினி கம்ப்யூட்டர்ல போட்டேன், படமே வரல. எடைக்குப் போட்டா எவ்வளவு தருவாங்க?" மானிட்டருக்கு ஒன்றுமில்லை. கோளாறு அவன் பையிலிருந்த வயரில். பத்து வருடத்துக்கு முன் நானும் அதே மாதிரி வயருக்குத்தான் காசைத் தொலைத்தேன்.

ஸ்விட்சைப் போட்டீர்களா என்றெல்லாம் இங்கே கேட்கப்போவதில்லை. பழைய மானிட்டரைப் புதுக் கணினியில் மாட்டும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு முனையும் பொருந்துகிறதே என்று வாங்குவது

ஒரு முனை எச்டிஎம்ஐ (புதுக் கணினியிலும் டிவியிலும் இருப்பது), மறு முனை விஜிஏ (பழைய மானிட்டரில் இருப்பது), நடுவில் வெறும் கம்பி. எச்டிஎம்ஐ அனுப்புவது டிஜிட்டல் சிக்னல். 1987இல் வந்த விஜிஏ கேட்பதோ அனலாக்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஏறி இறங்கும் மின்னழுத்தம். அதை மாற்றித் தர ஒரு சிப் வேண்டும், கம்பியால் ஆகாது.

நான் செய்த கூத்து அதோடு நிற்கவில்லை. அடுத்து ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். அதற்கும் திசை உண்டு என்பது தெரியாமல், பழைய கணினியைப் புது டிவியில் காட்டும் பெட்டியைத் தூக்கி வந்துவிட்டேன். திருப்பிச் செருகினால் அது திருப்பி வேலை செய்யாது. திரை கறுப்பு. சரி, மானிட்டர்தான் போய்விட்டது என்று பழைய இரும்புக் கடையில் 150 ரூபாய்க்குப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மளிகைக் கடையில் அது ஜோராக பில் போட்டுக்கொண்டிருந்தது, மூலையில் நான் ஒட்டிய முருகன் ஸ்டிக்கரோடு. இன்றும் அந்தப் பக்கம் போனால் வயிறு எரிகிறது.

வாங்கும்போது உறையில் 'எச்டிஎம்ஐ டு விஜிஏ' என்று இருக்கிறதா பாருங்கள். கணினிப் பக்கத்து முனையின் பெயர் முதலில் வர வேண்டும். எச்டிஎம்ஐ பக்கம் கணினியில் செருகும் முனையாகவும், விஜிஏ பக்கம் மானிட்டர் வயரை வாங்கிக்கொள்ளும் துளைகளாகவும் இருந்தால் பெரும்பாலும் சரியானதுதான்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' வந்ததும் பயப்படுவது

அந்த எழுத்து தெரிகிறதென்றால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது. 17 அங்குலச் சதுரத் திரைக்கு 1280×1024 புள்ளிகள்தான் இயல்பான அளவு. புதுக் கணினி 1920×1080 அனுப்பியிருக்கும். டிவியில் இணைத்து அளவைக் குறைத்து, படம் புதுப்பிக்கும் வேகத்தை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) வைத்து, அப்புறம் மானிட்டருக்கு மாற்றுங்கள். மானிட்டர் தன் அளவைச் சொல்லும் 12, 15ஆம் பின்கள் (விஜிஏ முனையில் இருக்கும் ஊசிகள்) மலிவு வயரில் சில நேரம் இருப்பதே இல்லை. 9ஆம் பின் இல்லாவிட்டால் கவலை வேண்டாம்.

திரை மஞ்சளானதும் பேனலைக் குறை சொல்வது

பெரும்பாலும் நீல நிறத்தைக் கொண்டுவரும் பின் சரியாகத் தொடவில்லை. தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றுக்குப் பின்னில் பச்சை படியும். துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

சத்தம் தேடுவது

விஜிஏவில் சத்தம் போகாது.

பெட்டி மாதிரிப் பழைய குழாய் மானிட்டரைத் திறப்பது

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.