கதவு சென்சார் வாங்கும் முன்: கோலாலம்பூர் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் வாரத்தில்தான் பலருக்கும் வீட்டுப் பாதுகாப்பு ஞாபகத்துக்கு வரும். அவசரமாக லோ யாட் பிளாசாவுக்குப் போயோ இணையத்தில் தேடியோ, நிறைய சென்சார்கள் உள்ள பெட்டி ஒன்றை வாங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து ஒட்டும்போதுதான் அதில் பாதி நம் கதவுகளுக்குச் சரிவராது என்று தெரியும். எந்தக் கதவு எப்படித் திறக்கிறது, எது இரும்பு, எது மரம் என்று வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் காசு மிச்சம்.

இந்த சென்சாருக்கு இரண்டு துண்டுகள். ஒன்றில் காந்தம். மற்றதில் ரீட் சுவிட்ச், அதாவது உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் வைத்த சின்னக் கண்ணாடிக் குழாய். காந்தம் பக்கத்தில் இருந்தால் கதவு மூடியிருக்கிறது என்று கணக்கு. விலகினால் செய்தி போகும். சாதாரண வகையில் இரண்டுக்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளிதான் தாங்கும்.

நம் ஊரில் தலைவலியே கிரில்தான். செந்தூல், கெப்போங் பக்கத்து டெரஸ் வீடுகளில் சாயங்காலம் காற்று வரட்டும் என்று மரக்கதவைத் திறந்துவைத்து, கிரில்லை மட்டும் பூட்டியிருப்போம். சென்சார் மரக்கதவில் இருந்தால் அந்த நேரம் முழுக்க அதற்கு வேலையே இல்லை. சரி, கிரில்லிலேயே ஒட்டிவிடலாம் என்றால், இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சென்சார் எட்டும் தூரம் குறைந்துவிடும். மடக்கும் கிரில் பூட்டிய பிறகும் ஆடும், பலத்த காற்றடித்தாலே அலாரம் அடிக்கும். இதற்கு ரோலர் ஷட்டரில் மாட்டுவது போன்ற, உலோக உறை போட்ட, அதிக இடைவெளி தாங்கும் வகை வேண்டும். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். விலை கூடத்தான் இருக்கும். ஆனால் நடுராத்திரியில் இரண்டு தடவை பொய்யாக அடித்த அலாரத்துக்கு மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு அங்கிள் எழுந்து வரமாட்டார்.

பழைய வீட்டுச் சமையலறையில் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய லூவர் ஜன்னல் இருந்தால் அதற்கு இந்த சென்சார் வீண். பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம், எதில் காந்தத்தை ஒட்டுவது? நடமாட்டத்தை உணரும் சென்சார் ஒன்றை உள்ளே வைப்பதே சரி. பூனை வளர்ப்பவர்கள் அதற்கேற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவுக்கும் இதே யோசனை தேவை. கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தால் கதவு திறக்கவே இல்லை, காந்தமும் அசையவில்லை. கண்ணாடி உடையும் சத்தத்தை உணரும் சென்சார் தனியாக விற்கிறது.

பொருத்தும்போது சிலர் கீல் பக்கமாக ஒட்டிவிடுகிறார்கள். அங்கே கதவு நன்றாகத் திறந்த பிறகுதான் காந்தம் விலகும். கைப்பிடி இருக்கும் பக்கம், மேல் மூலைதான் சரியான இடம். இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள். வெயில் படும் கதவில் பசை இளகிவிடும். இரண்டு திருகு போட எவ்வளவு நேரமாகும்?

வாசலுக்கு மூன்று சென்சார் மாட்டிவிட்டு, பின்சந்துப் பக்கம் இருக்கும் சமையலறைக் கதவை மறப்பவர்களும் உண்டு. நினைவு வைத்து மாட்டினாலும், ரவுட்டர் முன்ஹாலில் இருந்தால் இத்தனை செங்கல் சுவர் தாண்டி வைஃபை அங்கே எட்டுமா என்று முதலில் போனை எடுத்துப்போய்ப் பாருங்கள். நேரடியாக வைஃபையில் ஓடும் சென்சார்கள் பேட்டரியையும் சீக்கிரம் தின்னும். ஸிக்பீ என்ற, குறைந்த மின்சக்தியில் ஓடும் வயர்லெஸ் வகைக்கு, சென்சார்களை ரவுட்டரோடு இணைக்கும் ஹப் என்ற சின்னப் பெட்டி ஒன்று தனியாக வேண்டும், ஆனால் பேட்டரி நெடுநாள் வரும். எதுவானாலும் மலேசியாவின் தரச்சான்று நிறுவனமான சிரிமின் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, மின்சாரம். இடிமழையில் கரண்டு போனால் ரவுட்டரும் போகும். சென்சார் பேட்டரியில் உயிரோடு இருந்தாலும் உங்கள் போனுக்கு ஒன்றும் வராது. ரவுட்டருக்கும் ஹப்புக்கும் சின்ன யூபிஎஸ் போடுங்கள், வீட்டுக்குள்ளேயே கத்தும் சைரனும் இருக்கட்டும். சிம் கார்டு போடும் பழைய அலாரப் பெட்டியை யாராவது மலிவாகத் தந்தால், அது 3ஜி மட்டும் பிடிக்கும் வகையா என்று கேளுங்கள். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியில் நிறுத்திவிட்டார்கள்.