தடை மாதத்தில் ஆய்வுக்காக மீன் பிடிக்க அனுமதி வாங்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஷாட் மீன் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கக் கூடாது, மற்ற மாதங்களில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் ஒருவருக்கு ஒரு நாளில் நான்கு மீன், அதுவும் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல். இது கரையில் நிற்கும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த மீனைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறவருக்கு இந்த விதிதான் முதல் முட்டுக்கட்டை. முட்டையிடும் காலத்தை ஒட்டித்தான் தடையே வைத்திருக்கிறார்கள், சினைப்பை எப்படி முதிர்கிறது என்று பார்க்க அந்த மாதங்களில்தான் மீன் வேண்டும். எந்த நீளத்தில் முதல் தடவை சினை பிடிக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் 30 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதும் கையில் இருக்க வேண்டும். விதிக்கு உட்பட்ட மீனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு பாதி மீனைப் பார்க்காத கணக்கு. கடல் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் முழுசாக எழுதுகிறேன்.

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: இந்த விதிகளிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்மையிலேயே தேவையா? மீனின் வயது மட்டும் போதும் என்றால், சீசன் நேரத்தில் தூண்டில்காரர்கள் சட்டப்படி பிடித்த மீனிலிருந்தே, வயதைக் காட்டும் செவிக்கல்லை (மீனின் உள்காதில் இருக்கும் சின்னக் கல்) எடுத்துக்கொள்ளலாம். புளூ லகூன் பக்கமோ பிளஃப் பக்கமோ காலையில் போய்க் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனால் தலையைக் கேட்காதீர்கள், நம் வீட்டில் தலைக்குத்தான் குழம்பில் முதல் மரியாதை. செவுள் மூடியைத் தூக்கி, செவுளை ஒதுக்கி, மண்டையோட்டின் அடிப்பக்கத்தைக் கத்தி முனையால் மெதுவாகத் திறந்தால் இரண்டு பக்கத்துக் கல்லும் இடுக்கியில் வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மீன் முழுசாகவே இருக்கும், தலையும் வாலும் உடம்போடு இருப்பதால் அதிகாரி வந்து நீளத்தை அளந்தாலும் பிரச்சினை இல்லை. பிடித்தவர் மீனோடு வீட்டுக்குப் போகலாம், கல் உங்களுக்கு.

மீன் எங்கே போகிறது வருகிறது என்பதுதான் கேள்வி என்றால் அடையாளக் குறி போட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விடலாம். டர்பனில் உள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனமான ஓஆர்ஐ 1984 முதல் தூண்டில்காரர்களை வைத்தே இதைச் செய்துவருகிறது. குறி போடுகிறோம் என்பதற்காகத் தடை மாதத்திலோ தடை செய்த இடத்திலோ தூண்டில் போடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இவற்றால் முடியாது என்றால்தான் விலக்கு. தென்னாப்பிரிக்காவில் இதற்கான சட்டம் 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் வளங்கள் சட்டம், எண் 18. அறிவியல் ஆய்வுக்கும் செய்முறைச் சோதனைக்கும் 83ஆம் பிரிவு. தகுந்த காரணம் இருந்தால் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் நிபந்தனையோடு விலக்குத் தர 81ஆம் பிரிவு. ஆய்வுக்காரர்கள் பேச்சில் 'எய்ட்டி-த்ரீ பெர்மிட்' என்பது முதலாவது. வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறையின் மீன்வளப் பிரிவு கேப் டவுனில் இருக்கிறது, விண்ணப்பம் அங்கேதான் போகும். ஒரு பெர்மிட் அதிகபட்சம் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும், அதனால் இரண்டு தடைக்காலம் வேண்டுமென்றால் இரண்டு தடவை வாங்க வேண்டும். அக்டோபரில் மீன் வேண்டும் என்றால் மே, ஜூனிலேயே அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். 'மீன்பிடி விதிகளிலிருந்து விலக்கு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அதிகாரிக்கு எதை அனுமதிக்கிறோம் என்றே தெரியாது. எந்த விதி உங்களைத் தடுக்கிறதோ அதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தடைக்காலமா, குறைந்தபட்ச நீளமா, ஒரு நாள் எண்ணிக்கையா, வலையா, இடமா. கழிமுகத்தில் குஞ்சு மீன் எடுக்கச் சின்னக் கண்ணி கரைவலை இழுக்கப் போகிறீர்கள் என்றால் வலையின் நீளம், கண்ணி அளவு, ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு என்பது வரை எழுத வேண்டும். தேவையில்லாத விதியிலிருந்து விலக்குக் கேட்கவே வேண்டாம், கேட்டதெல்லாம் சந்தேகத்தைத்தான் கூட்டும்.

எண்ணிக்கைக்கும் காரணம் வேண்டும். 'இருநூறு மீன்' என்று வட்டமாக எழுதாமல், எந்த நீளத்துக்கு எத்தனை, எந்த மாதத்தில் எத்தனை, அதைவிடக் குறைந்தால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகும் என்று காட்டுங்கள். மீனின் அறிவியல் பெயர், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, படகு, கூட வரும் ஒவ்வொருவரின் பெயர், எல்லாம் இருக்கட்டும். பெயர் இல்லாத நண்பர் கடைசி நேரத்தில் வந்து தூண்டிலைப் பிடித்தால் அவருக்குப் பெர்மிட் இல்லை என்றுதான் அர்த்தம். வேறு மீன் சிக்கினால் என்ன செய்வீர்கள், அளந்து முடித்த மீனின் சதை எங்கே போகும் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். அதை விற்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

செவென்டி-ஃபோர் என்றே பெயர் உள்ள ஒரு மீன் உண்டு, அது மாதிரி என்றால் இன்னும் கவனம். 1998 முதல் அதை யாரும் பிடிக்கக் கூடாது, அதனால் கரையில் கேட்டு வாங்க மீனே இல்லை, அந்த இனம் மீண்டு வருகிறதா என்று அறிய ஆய்வு அனுமதியை விட்டால் வழி ரொம்பக் குறைவு. இப்படிப்பட்ட மீனைக் கொல்லாமல் அளந்து, குறி போட்டு, விடுவதாகத்தான் திட்டம் போட வேண்டும். கொன்றே ஆக வேண்டும் என்றால் அதற்கான காரணம் உங்களையே முதலில் நம்பவைக்க வேண்டும்.

மீன்வளத் துறையின் தாள் ஒன்று கையில் வந்தால் எல்லாம் வந்துவிடாது. உம்கேனி ஆற்று முகத்தையே பாருங்கள்: தென்கரையில் புளூ லகூன், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தூண்டில் போடும் இடம், வடகரையில் பீச்வுட் சதுப்புநிலக் காடு, அது பாதுகாக்கப்பட்ட ரிசர்வ், அங்கே கால் வைக்க நிர்வாகத்தின் அனுமதி தனி. கடல் பாதுகாப்புப் பகுதிக்கும் அப்படித்தான். மணலில் வண்டி ஓட்டவும் தனி அனுமதி, 2002 முதல் கடற்கரையில் வண்டிக்குத் தடை. பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள், அதற்கே மாதங்கள் ஆகும், அதனால் அதை முதலில் போடுங்கள்.

அப்புறம் கரை. பெர்மிட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கையிலேயே வைத்திருங்கள், சட்டப்படி மீன் பிடிக்கும் இடத்தில் அது இருந்தாக வேண்டும், காரில் இருக்கிறது என்பது பதில் ஆகாது. முந்தின நாளே அந்தப் பகுதி மீன்வள அதிகாரிக்குப் போன் பண்ணி நேரம், இடம், வண்டி எண் சொல்லிவிடுங்கள். இதைவிட முக்கியமானவர்கள் பக்கத்தில் நிற்கும் தூண்டில்காரர்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் வலை இழுத்த, தூண்டில் போட்ட குடும்பங்கள் அவர்கள். ஐந்தாவது ஷாட்டுக்கு அபராதம் கட்டும் அந்த ஐயா, நவம்பரில் நீங்கள் பெட்டி நிறைய எடுப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். போய், "வணக்கம் அங்கிள், ஆய்வுக்காக எடுக்கிறோம், இதோ பெர்மிட்" என்று நீங்களே காட்டுங்கள். ஒரு மீனைத் திறந்து சினையைக் காட்டி, ஏன் இந்த மாதத்தில் தடை என்று சொல்லுங்கள். விலக்கு வாங்கியவருக்கு இந்தக் கடமை உண்டு என்றே நான் நினைக்கிறேன், பெர்மிட் நிபந்தனையில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எடுத்த ஒவ்வொரு மீனையும் அன்றே பதிவு செய்யுங்கள், செத்ததை, விட்டதை, தவறிச் சிக்கியதை, எல்லாவற்றையும். அனுமதித்த எண்ணிக்கை முடிந்தால் அன்றோடு நிறுத்துங்கள், தேதி மிச்சம் இருந்தாலும். அறிக்கையை நிபந்தனையில் சொன்ன நாளுக்குள் கேப் டவுனுக்கு அனுப்பிவிட்டு, அதன் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் எளிய மொழியில் எழுதி, மீனைக் கொடுத்த தூண்டில்காரர்களுக்கும் கொடுங்கள். அடுத்த ஆண்டுப் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்தே அனுப்பலாம்.