குழுவுக்குள் இருந்துகொண்டே சொந்தக் கருத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

ஒரு தாளை எடுத்து, நீங்கள் எங்கெல்லாம் 'நாங்க' என்று சொல்லிப் பேசுவீர்களோ அதையெல்லாம் எழுதுங்கள். குடும்பம், வேலை செய்யும் இடம், கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு, மதம், கட்சி, ரசிகர் கூட்டம், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள்: அங்கே எதைத் தைரியமாகச் சொல்கிறீர்கள், எதை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறீர்கள். இரண்டாவதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும், அதை எழுதத்தான் இந்தத் தாளே.

நான் யார் சொல்லுக்கும் ஆடுகிற ஆள் இல்லை என்று தோன்றினால் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள், முதல் கோட்டின் நீளம் இந்த மூன்றில் எதோடு பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட யாருமே தப்பாகச் சொல்வதில்லை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும், முன்பே பேசி வைத்தபடி, ஒரே தவறான பதிலைச் சொன்னபோது, விஷயம் தெரியாமல் வந்த நபர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்புக்கே தலையாட்டினார்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், அரசியல், கல்யாணம், பிள்ளை வளர்ப்பு மாதிரி அளந்து பார்க்க முடியாத விஷயங்களில் நாம் எவ்வளவு வளைவோம் என்று யோசியுங்கள்.

அதனால் என் முதல் யோசனை, முக்கியமான எதையும் குழுவில் பேசப் போவதற்கு முன்னால் உங்கள் கருத்தை இரண்டு வரி எழுதி வைத்துவிடுங்கள். பதிலை வாயால் சொல்லாமல் எழுதச் சொன்னபோது ஆஷின் சோதனையிலும் தலையாட்டுவது நன்றாகவே குறைந்தது. பேசி முடித்து வந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள். கருத்து மாறியிருந்தால் தப்பே இல்லை. ஆனால் யாராவது சொன்ன ஒரு காரணத்தால் மாறியதா, அல்லது எல்லாரும் உங்களையே பார்த்ததால் மாறியதா? காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அப்புறம், வெளியாட்களைப் பற்றி உங்கள் குழு பேசும் விதத்தைக் கவனியுங்கள். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் பிரிட்டனில் பள்ளி மாணவர்களை, எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பது போன்ற ஒன்றுமில்லாத காரணம் சொல்லி இரண்டாகப் பிரித்தார். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட அந்தப் பையன்களுக்குத் தெரியாது. அப்படியும் காசைப் பங்கிடச் சொன்னபோது தன் பக்கத்துக்கே கூடக் கொடுத்தார்கள், அதிலும் தன் பக்கத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு மனசே கனத்துப்போனது. 'அவங்க எல்லாம் அப்படித்தான்' என்று யாராவது சொன்னால், அந்த 'அவங்க'ளில் உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொண்டு, அவருக்கு இது பொருந்துமா என்று மட்டும் பாருங்கள்.

இதற்காகக் குழுவை விட்டு வெளியே வர வேண்டாம். சேர்ந்திருக்க ஆசைப்படுவது பலவீனம் இல்லை, நம் பேச்சு, வேலை, பண்டிகை, துக்கம் எல்லாமே நாலு பேரோடு சேர்ந்துதான் உருவாகியிருக்கின்றன. ஒரே குழுவில் மொத்த வாழ்க்கையையும் வைத்துவிடாமல் இரண்டு மூன்று இடங்களில் வேர் விட்டிருந்தால், ஒரு இடத்தில் முகம் கோணினாலும் தாங்கிக்கொள்ளலாம்.

மறுத்துப் பேச வேண்டி வந்தால் மொத்தக் கூட்டத்தையும் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், ஒரே ஒரு துணையைத் தேடுங்கள். ஆஷின் சோதனையில் சரியான பதிலைச் சொல்ல இன்னொருவர் இருந்தபோது, கூட்டத்தோடு போவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கூட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒருவரிடம் 'எனக்கு இதில் சந்தேகம் இருக்கு, உங்களுக்கு?' என்று கேட்டுவிடுங்கள். நீங்களே கூட்டத்தை நடத்துபவர் என்றால் கடைசியாகப் பேசுங்கள், வயதிலோ பதவியிலோ சின்னவரை முதலில் பேச விடுங்கள்.

வேறு யாராவது தனியாக நின்று மாற்றுக் கருத்து சொல்லி, அது உங்களுக்கும் சரி என்று பட்டால், கூட்டம் முடிந்த பிறகு ஓரமாகப் போய் 'நீங்க சொன்னது சரிதான்' என்று சொல்லாதீர்கள், அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.